நாலு விரற்கடை

சனிக்கிழமை விடியுமுன்
கிள்ளானிலிருந்து இரண்டு வேன்.
பின்னால் ஆசீர்வாதம் அண்ணனின் லோரி:
பலகை, சிமெண்டு, பன்னிரண்டு டின் சாயம்,
யாரும் கேட்டிராத பழந்துணி பத்து மூட்டை.
யொங் பெங் தாண்டும்வரை பாட்டு.
அப்புறம் செம்பனை,
இரு பக்கமும்
இடுப்பளவு சேறு உடுத்தி நின்ற செம்பனை.
பாட்டு எங்கே நின்றதென்று
எங்களுக்கே தெரியவில்லை.

சாஆ.
பேரைச் சொன்னால்
திறந்த வாய் திறந்தபடி நின்றுவிடும் ஊர்.
கடைத்தெரு முழுக்க மெத்தைகள்,
கோழிக்கடை வாசலில், பஸ் நிறுத்தத்தில்,
செத்த மாடுகளாய் ஊதிக் கிடந்தன.

தோட்டத்து வீடுகளில் ஏழாம் நம்பர் எங்களுக்கு.
நான் கணக்கர்.
சுத்தியலில் ஆணி பிடுங்கும் பக்கம் எதுவென்று
ரூபனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.
சுரண்டியும் வாளியும் கொடுத்தார்கள்.
பலகைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு,
என் உச்சந்தலைக்குச் சமமாக,
நூல் பிடித்து அடித்ததுபோல் நேராக.
ஒரு பூச்சுச் சாயம் அடித்தும்
மங்கலாய்த் தெரிந்தது.

அமராவதி அக்கா அதிகம் பேசவில்லை.
இரண்டு வாரமாக வருகிறவர்களுக்கெல்லாம்
நன்றி சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்திருக்கும்.
எட்வின் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தியதும்
அடுப்படிக்குள் போய்விட்டார்.
அங்கே அடுப்பு இல்லை.

மதியம் மீகூன் பொட்டலம்.
அவர்தான் பரிமாறினார்,
எங்கள் பொட்டலத்தையே, எங்களுக்கு.

நாலு மணிக்குக் கதவு மாட்டி முடித்தோம்.
உள்பக்கம் திறக்க வேண்டியது
வெளிப்பக்கம் திறந்தது.
"இருக்கட்டும். அடுத்த தடவ தண்ணி வந்தா
ஓடறதுக்குச் சுலபம்."
சிரிக்கலாமா என்று போதகரைப் பார்த்தோம்.

கிளம்புகிற நேரத்தில்தான்
அந்தப் படத்தை வெளியே கொண்டுவந்தார்.
மதுரை வீரன்.
கண்ணாடிக்குள் சேறு புகுந்து
குதிரையின் கால்கள் கரைந்திருந்தன.
வயிறுவரை பழுப்பு, அதற்கு மேல்
மீசை நனையாமல் அவர்.
"மிச்சப் பலகை ஒன்னு இருந்தா..."
போதகரைப் பார்த்தார்,
படத்தைப் பார்த்தார்,
பேச்சை அங்கேயே விட்டார்.

ஜெனிட்டா நகத்துச் சாயத்தைச் சுரண்டினாள்.
போதகர் வாளி கழுவத் தொடங்கினார்,
ஏற்கெனவே கழுவிய வாளியை.

ஆசீர்வாதம் அண்ணன்தான் கேட்டார்:
"எவ்வளவு உயரத்துல?"

கோட்டுக்கு மேலே கை காட்டினார்.
"இன்னும் மேல.
இன்னும்."
பென்சில் கூரையை நெருங்கியபோது
அண்ணன் திரும்பினார்.
"அங்க வெச்சா விளக்கேத்த எட்டுமா உங்களுக்கு?"

அக்கா யோசித்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டுச்
சுவரோடு ஒட்டி நின்று
வலது கையைத் தூக்கினார்,
விடை தெரிந்த பிள்ளைபோல.
"எக்காம நில்லுங்க."
குதிகால் தரைக்கு இறங்கியது.
விரல்நுனியில் பென்சில் கோடு.

நீர்க்கோட்டுக்கு மேல் நாலு விரற்கடை.
அவ்வளவுதான் இருந்தது இடம்,
தண்ணீரின் உயரத்துக்கும்
அவர் உயரத்துக்கும் நடுவே.

ரசமட்டத்தை நான் பிடித்தேன்,
அன்று நான் செய்த ஒரே தச்சுவேலை.
பச்சை நீருக்குள் குமிழி
அங்கும் இங்கும் ஓடியது.
"அசையாதீங்க தம்பி, மூச்சு விடாதீங்க."
போதகர் ஆணி எடுத்துக் கொடுத்தார்,
ஒவ்வொன்றாக, ஆறு.

திரும்பும் வழியில் யாரும் அதைப் பேசவில்லை.
சபைக்கு அறிக்கை எழுதியவன் நான்:
கதவு ஒன்று, சன்னல் இரண்டு, சாயம் ஒன்பது டின்,
பலகை ஒன்று, ஆணி ஆறு.
எதற்கென்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போதெல்லாம் கிள்ளானில்
ராத்திரி மழை பிடித்துக்கொண்டால்
எழுந்து சன்னலருகே போகிறேன்.
கட்டைவிரலை மடக்கி
இருட்டில் கையைப் பார்க்கிறேன்.
நாலு விரல்.
ஐந்தாக வைத்திருக்கலாம்.
தரைக்கு இறங்கிய குதிகால்
ஞாபகம் வருகிறது.
வைத்திருக்க முடியாது.