இறகுத் தூண்டில்

தடி என்னுடையதல்ல.
நிலாவெளி விடுதியில் வாடகைக்குக் காசு குறைந்த ஒருவன்
ஈடாக விட்டுப்போனது.
கூடவே ஒரு தகரப்பெட்டி,
உள்ளே குளிர்நாட்டுப் பூச்சிகள் நாற்பது,
நூலும் மயிரும் சுற்றிய கொக்கிகள்.
எங்கள் மீன்களுக்கு அவற்றில் ஒன்றையும் தெரியாது.
ஒரு பங்குனி முழுக்க எறிந்தேன்.
பாரைகள் கிட்ட வந்து,
பகையாளி வீட்டுப் பந்தியில் கை நனைக்காதவர்களைப்போல்
திரும்பிப் போயின.

பிறகுதான் மதிலுக்கு அந்தப் பக்கம்
நவமலரின் சேவலைக் கவனித்தேன்.
கழுத்து முழுக்க வெள்ளை.
வேலியில் சிக்கிய இரண்டு இறகு,
தையல்பெட்டிச் சிவப்பு நூல்,
தேயிலைப் பக்கற்றின் உள்வெள்ளி.
ஒரு நெத்தலி ஆயிற்று.

மா ஆலையில் எனக்கு இரவு வேலை.
ஆறு மணிக்குத் தலையில் கோதுமை மாவோடு
சீனன்குடாப் பாறையில் நிற்பேன்.
சித்திரையில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.
என் நிழல் விழுந்தால் கீரிக்கூட்டம் கிழியும்.
முழங்காலில் நின்று எறிய வேண்டும்,
மெல்லிய தங்கூசி, விரல்நகத்தளவு இறகு,
மூச்சையும் கொஞ்சம் குறைத்து.

ஆனியில் கச்சான்.
முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்று.
பின்னால் போன இறகு முன்னால் வரும் வழியில்
என் காதில் தங்கியது.
ஆஸ்பத்திரியில் மெல்சியா மிஸ் முள்ளை நறுக்கிவிட்டு
"எத்தனை கிலோ?" என்றார்.
"அறுபத்தெட்டு" என்றேன்.
வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.
மறுநாள் தொப்பி வாங்கினேன்.

ஆவணி வெயிலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும்.
கிண்ணியாப் பாலத்தடியில் உயிர் இறாலோடு சப்வான்
வாளியை நிரப்பிக்கொண்டு கேட்பான்:
"என்ன தம்பி, மீனுக்குக் கோழிக்கறியா?"
எனக்கு ஒரு மாதம் முழுக்க
ஒரு ஓரா. அதுவும் வாலில் கொளுவி.

ஐப்பசியில் இடி.
தடி கரியிழையில் செய்தது,
மின்னல் கொத்தக்கூடிய தூண்டில்.
அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.
அந்த நாட்களில்தான் சேவலும் இறகு உதிர்க்கும்.
அதற்கு யார் நாட்காட்டி கொடுத்தார்கள்?

கார்த்திகையில் கங்கை தன் மண்ணையெல்லாம்
கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து கொட்டும்.
கலங்கலும் நீலமும் ஒட்டிக் கிடக்கும்,
நடுவில் தையல் மாதிரி ஒரு கோடு.
கொடுவா அந்தக் கோட்டில் காத்திருக்கும்.
வெள்ளை அங்கே எடுபடாது.
மீன்சந்தைக் காகம் போட்டுப்போன கறுப்பு இறகைக் கட்டினேன்.
மழை சேர்ட்டுக்குள் ஓட ஓட,
ஐந்து கிலோ.
சப்வான் வாளியைக் கீழே வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் அவன் முகத்தைப் பார்க்காத மாதிரி
நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மார்கழியில் வாடை கடலைப் பூட்டியது.
டோகாவிலிருந்து நவமலரின் மகன் வந்திருந்தான்.
அன்றைக்குக் காலையில் மதிலுக்கு அப்பால் சத்தமில்லை.
மத்தியானம் ஒரு கிண்ணம் கறி வந்தது.
அதோடு ஒரு சொப்பிங் பை,
உப்புத் தடவிய கழுத்துத்தோல், வெள்ளை குலையாமல்.
"உமக்கெண்டுதான் வெட்டாம வைச்சனான்."
நன்றி சொல்ல வாய் வரவில்லை.
கறியைச் சாப்பிட்டேன்.
ருசியாகத்தான் இருந்தது.

தை முழுக்கக் கூரையில் மழை,
மேசைவிளக்கின் கீழ் இறகு, நூல், முடிச்சு.
விரலில் மஞ்சள் வாசம் போக மூன்று நாள்.

மாசியில் ஒருநாள் விடியற்காலை காற்று விழுந்தது.
பாறையில் ஏறித் தடியைப் பின்னால் வீசினேன்.
மூன்று வருடம் மதிலைத் தாண்டாத சேவல்
என் தலைக்கு மேலால் பறந்து,
நாற்பது அடி தள்ளித்
தண்ணீரில் மெதுவாக இறங்கியது.
கூவவில்லை.
ஆனால் அடியில் ஒரு பாரை
அந்தப் பக்கம் திரும்பியது.