பதினாறாம் அலைவரிசை

கிளைப்பேதா துறைமுகக் கோபுரத்தில்
இரவுப் பணி எனக்கு.
ஜூலையிலும் இரண்டு கம்பளிச் சட்டை.
விதேனிஸ் சன்னலைத் திறப்பான், நான் மூடுவேன்,
மறுபடி திறப்பான்.
மூன்று மாதமாக எங்களுக்குள் இதுதான் உரையாடல்.

குளியலறை வடிகாலில் என் முடி
ஈரக் கயிறாய்ச் சுருண்டு கிடக்கும்.
மருந்துக்கடைப் பெண் ஒரு டப்பா நீட்டினாள்,
முடிக்கும் நகத்துக்கும் நல்லதாம், பயோட்டின்.
அட்டையில் சிரிப்பவளுக்கு இடுப்புவரை கூந்தல்.

முதல் ரத்தப் பரிசோதனை:
டி.எஸ்.எச். 3.1.
ஓரத்தில் அம்புக்குறி இல்லை.
எல்லாம் எல்லைக்குள் என்றது தாள்.
எல்லைக்குள் இருந்தபடியே
கோபுரப் படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்தேன்.
எல்லைக்குள் இருந்தபடியே
ஒரு சரக்குக் கப்பலின் பெயரை மறந்தேன்,
அது என் கண்ணெதிரே திரையில் ஊர்ந்துகொண்டிருக்க.
சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.
அம்புக்குறி இல்லாத நோய்க்கு
வேறென்ன பெயர் வைப்பது?

மருத்துவர் ஸ்கைஸ்தே கேட்டது ஒரே கேள்வி:
வைட்டமின் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?
டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன்,
திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவள்போல.
இது ரத்தத்தில் மிதந்தால், என்றார்,
சில கருவிகளுக்குக் காது குழம்பும்.

இரைச்சல்.
அது எனக்குத் தெரிந்த சொல்.
புயல் இரவுகளின் கரகரப்பில்
'உதவி'யும் 'நலம்'உம்
ஒன்றுபோலக் கேட்டிருக்கின்றன.

ஒரு வாரம் டப்பாவைத் தொடாமல்
மறுபடி கையை நீட்டினேன்.
டி.எஸ்.எச். 14.2, மேல்நோக்கி ஓர் அம்பு.
ஃப்ரீ டி4 8.1, கீழ்நோக்கி ஓர் அம்பு.

மேல் அம்பைப் பார்த்ததும்
தைராய்டு கூடிவிட்டது என்றேன்.
இல்லை. கூடியது வேறு.
மண்டைக்குள் பட்டாணி அளவில் ஒருத்தி, பிட்யூட்டரி.
அவளுக்கும் இரவுப் பணிதான்.
கழுத்தில் நங்கூரமிட்ட கப்பலை அழைக்கிறாள்.
பதில் இல்லை.
இன்னும் உரக்க அழைக்கிறாள்.
தாளில் ஏறியிருப்பது அவள் குரல்.
இறங்கியிருப்பது அதன் பதில்.

பதினாறாம் அலைவரிசையில்
எத்தனை முறை கத்தியிருக்கிறேன்,
ரூதா, ரூதா, இது கிளைப்பேதா, கேட்கிறதா?
தொண்டை கிழிவது நலத்தின் அடையாளம் அல்ல என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்.
ஆனாலும் என் தாளை எனக்கு
இன்னொருத்தி வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது வரி, எதிர்பொருள்: 612.
என் காவல் படகுகளே
என் கப்பலைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன.
ஏன் என்று கேட்டேன்.
ஸ்கைஸ்தே தோளைக் குலுக்கினார்.
அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இப்போது பணி முடிந்ததும் ஒரு சிறு மாத்திரை,
வெறும் வயிற்றில்.
பிறகு அரை மணி நேரம்
காப்பியை முகர்ந்து மட்டும் பார்க்கலாம்.
ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம்,
மறுபடி ஒரு தாள்.
அதுவரை முடி கொட்டத்தான் செய்யும் போல.
கொட்டுகிறது.

நான்காம் வாரம்
விதேனிஸ் சன்னலைத் திறந்தான்.
எழுந்து போய் மூடினேன்.
நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தேன்.
அவனும் அதைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை,
மறுபடி திறந்தான்.