கோறைச் சத்தம்

முகம் வைப்பதற்கு அந்த மேசையில் ஓர் ஓட்டை.
குப்புறப் படுத்தால்
மனிதனுக்கு மிஞ்சுவது ஒரு சாண் தரை.

லாங்கன்தால் ஸ்டேஷனுக்குப் பின்னால்
கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
லிஃப்ட் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.
முப்பத்தாறு படி.
ஏறும்போது பேசாது என் முழங்கால்,
இறங்கும்போதுதான் வாய் திறக்கும்.
அதனால் போகும் வழியை
வரும்போதே எண்ணி வைத்தேன்.

"எவ்வளவு காலமாக?"
கைரோபிராக்டர் ட்ஸ்பிண்டன் கேட்டாள்.
இருபத்திரண்டு வருடமாய் முழங்காலில் நிற்கிறேன்,
கும்பிடுவதற்கல்ல.
ஊரார் குளிக்கும் அறைகளில் மாபிள் பதிக்க.
போன மாரியில் ஒரு முதியோர் இல்லம் மட்டும்
எழுபத்தெட்டுக் குளியலறை.

சுகிர்தா எண்ணெய் பூசச் சொன்னாள்.
முதலாளி லூத்தி தன் காற்சட்டையை உருட்டி
இரும்பு முழங்காலின் தையலைக் காட்டினார்,
புதுக் கார் காட்டுகிற மாதிரி.
காப்புறுதியோ
முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்க்
உன் பாடு என்றது.

அவள் சிரட்டையைத் தொடவேயில்லை.
இரண்டு குதிக்காலையும் சேர்த்துப் பிடித்து
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
ரசமட்டத்தில் குமிழி நிற்கும் இடம் தேடுகிற பார்வை.
"இடது பக்கம் அரை விரல் குறைவு.
இடுப்புக்கும் கணுக்காலுக்கும் சண்டை.
நடுவில் நின்று அடி வாங்குகிறது முழங்கால்."

எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது
என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மன் வரவில்லை.

ஓட்டைக்குள்ளால் தரையைப் பார்த்தேன்.
மூன்றாவது மாபிளின் மூலை
இரண்டு மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது.
பசையை முழுக்க இழுக்காமல்
ஐந்து பொட்டு வைத்து ஒட்டிவிட்டு
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஓடியிருக்கிறான் எவனோ.
கையைத் தொங்கவிட்டு
விரல் மொளியால் தட்டினேன்.
கோறை.

"என்ன?"
"ஒன்றுமில்லை."

அப்போதுதான் இடுப்பில் கையூன்றி
மூச்சை விடு என்றாள். விட்டேன்.
சடக்.
காய்ந்த பாண் பிய்ந்தது போல.
நோகவில்லை.
கண்ணில் மட்டும் நீர் வந்து
அந்த மூன்றாவது மாபிளில் சொட்டியது.
பயத்தில் வந்ததென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீலம் கலந்த சாம்பல் நிறம்.
பதினொரு பெட்டி இதே நிறம்
நான் ஒருகாலம் வானிலிருந்து இறக்கியிருக்கிறேன்,
இந்தத் தெருவிலா, அடுத்த தெருவிலா,
எந்த வெள்ளிக்கிழமை.

சப்பாத்துக் கட்டும்போது சொன்னேன்:
தலைமாட்டில் அந்த ஓடு ஒருநாள் வெடிக்கும்.
அவள் தன் தரையை முதல்முறை பார்ப்பது போல் பார்த்தாள்.
குனியவில்லை, முழங்காலிட்டாள்.
நான் தட்டிய அதே இடத்தில் தட்டி
காதைச் சரித்துக் கேட்டாள்.
எழும்பும்போது மேசை விளிம்பைப்
பிடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.
வலது பக்கம்.

நான் எதுவும் கேட்கவில்லை.
அடுத்த செவ்வாய் ஐந்தே கால் என்று
அட்டையில் எழுதித் தந்தாள்.
அரைப் பை பசை வானில் கிடக்கிறது.
ரப்பர்ச் சுத்தியலும்.

கைபிடியைப் பிடிக்காமல் இறங்கினேன்.
பத்தொன்பதாவது படிவரை
அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.