பதினேழாவது கேள்வி

நாற்பத்தாறு கேள்விகளோடு வந்தாள் நிரஞ்சலா,
வளாகத்திலிருந்து, ஏழேகால் பஸ்ஸில்.
தம்பலகாமத்துக் காற்று அவள் தாள்களை
வயலுக்குக் கொண்டுபோகப் பார்த்தது.
யூரியா மூடை ஒன்றைத் தூக்கி மேலே வைத்தோம்.

பதினேழாவது கேள்வி:
உங்கள் சங்கத்தை நம்புகிறீர்களா?
'மிகவும்' என்ற கட்டத்தில்
முப்பத்தெட்டுப் பேரும் புள்ளடி போட்டோம்.
வந்த பிள்ளையிடம் வேறென்ன சொல்வது.
செயலாளன் நான் பக்கத்தில் நிற்கிறேன் வேறு.

அவள் தாளை மடித்துக்கொண்டு போய்விடவில்லை.
வெள்ளி தோறும் வந்தாள்.
நெல் மடுவத்தில் ஒற்றைக் குழல்விளக்கு,
அதைச் சுற்றி ஈசல்,
அதன் கீழ் நாங்கள், கொப்பியும் பேனையுமாக.
சராசரி என்றால் என்ன, நூற்றுவீதம் என்றால் என்ன.
சஹாப்தீன் நானா விரல்விட்டு எண்ணுவதை
ஒளித்து ஒளித்துச் செய்தார்.
ஆலைக்காரனின் களவைப் பிடிக்கத்தான் இந்தப் படிப்பு என்று
எங்களுக்குள் ஒரு பேச்சு.
வந்தவள் அப்படிச் சொல்லவேயில்லை.

ஆறு போகத்துக் கணக்கைப் பலகையில் எழுதினோம்.
இடப்பக்கம் நாங்கள் கொண்டது.
வலப்பக்கம் ஆலைக்குக் கொடுத்தது.
ஒன்றரை ஏக்கர் கனகாம்பிகை
கையைத் தூக்காமலே கேட்டாள்:
'நெல்லு காய்ஞ்சால் பாரம் குறையும்.
எங்கட மடுவத்துக்குள்ள மட்டும்
ஏன் கூடுது?'

இரவு ரயில் போய் முடியும்வரை
யாரும் பேசவில்லை.

அடுத்த வெள்ளி
முத்திரை குத்திய இருபது கிலோப் படிக்கல்லை
மோட்டார்சைக்கிளில் கட்டி எடுத்துவந்தான் ஒருவன்.
எங்கள் தராசில் வைத்தோம்.
பத்தொன்பது புள்ளி எட்டு.
இறக்கினோம், தட்டைத் துடைத்தோம், திரும்ப வைத்தோம்.
பத்தொன்பது புள்ளி எட்டு.
தராசுக்கு என்ன வெட்கம்,
கேட்டால் சொல்லிவிடுகிறது.
கேட்காததுதான் நாங்கள்.

நூற்றுக்கு ஒன்று.
போகத்துக்குத் தொள்ளாயிரம் மூடை.
ஆறு போகம்.
கனகாம்பிகை பெருக்கினாள், நான் பெருக்கினேன்,
இரண்டும் ஒன்றாய் வந்தது:
ஐம்பத்துநாலு மூடை.

அதுதான் மகாசபையில் நான் எழுந்து நின்று
'இலாபம்' என்று வாசித்தது.
'அதுக்குத்தானே கைதட்டி
ஐஸ்கிறீமும் குடிச்சம்' என்றார் சஹாப்தீன் நானா.
கூரையின் புதுத் தகரத்தை எல்லோரும் ஒருதரம் பார்த்தோம்.
எங்கள் நெல் எங்கள் தலைக்கு மேலே
நிழலாய் நின்றது.

தலைவர் கோணாமலை கதிரையை விட்டு எழுந்தார்.
இந்தத் தராசில் அதிகம் நிறுத்தவர் அவர்,
அதிகம் இழந்தவரும் அவரே.
ஆனாலும் கை நடுங்கியது.
'இதை எழுதத்தான் வேணுமோ?' என்றார்.
என்னைக் கேட்டாரா, தராசைக் கேட்டாரா,
எனக்கு விளங்கவில்லை.

கூட்டக் குறிப்பில் பன்னிரண்டு வருடமாய் எழுதுகிறேன்:
ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.
ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.
அன்றைக்கு அந்தச் சொல்
பேனைக்குள் இறங்க மறுத்தது.
தராசின் பிழை என்று எழுதினேன். அடித்தேன்.
எங்கள் பிழை என்று எழுதினேன்.
அதையும் பாதி அடித்தேன்.
கடைசியில் இலக்கத்தை மட்டும் எழுதினேன்:
இருபது வைத்தோம், பத்தொன்பது புள்ளி எட்டு.

தகரத்தைக் கழற்றி நெல்லாக்க முடியாது.
அடுத்த போகம் மூடைக்கு மூடை
கூட்டிக் கொடுப்பதா, விடுவதா,
இன்னும் முடிவாகவில்லை.
கனகாம்பிகை பதினெட்டு மூடைக்காரி,
பதினொரு கிலோவும் எழுநூறு கிராமும் என்று
தன் பங்கை ஒரு போகத்துக்குக் கணக்குப் பார்த்து
உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறாள்.
கழுவினால் போகும், திரும்ப எழுதுகிறாள்.

நிரஞ்சலா புறப்படும்போது
பைலைக் கைநீட்டி நிறுத்தினாள் அவள்தான்.
'தங்கச்சி, என்ர தாளைத் தாங்கோ.
பதினேழாவதில போட்ட புள்ளடியை
அழிக்க வேணும்.'

'வேறு எதில் போடப்போகிறீர்கள்?'

'இப்ப போடயில்லை.
வெறுமையா விடுங்கோ.
அறுப்பு முடியட்டும்.
கல்லை வைச்சுப் பார்த்துப்போட்டுச் சொல்லுறன்.'