காற்று நிற்கிற நொடி

பணகுடி யார்டில் விடியக்காலம் ஆறு மணி.
டயாலிசிஸ் நாற்காலி ஒன்றுக்குப் பணம் சேர்க்க
நாளை நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் ஆஸ்பத்திரி வரை
மிதிக்கப் போகிறோம், நாற்பத்தோரு பேர்.

பிரேக்கை அழுத்திப் பார்த்தேன்.
ஹெல்மெட் வாருக்குள் ரெண்டு விரல் விட்டுப் பார்த்தேன்.
எண்பது மீட்டர் காற்றாலையில் தொங்கி
நட்டு முடுக்குகிற சொரிமுத்து
“சைக்கிளுக்குப் போயி இம்புட்டா மேடம்?” என்றார்.

ஆடி மாசத்து மேல்காற்று
வலப்பக்கம் வந்து அறையும்.
நமக்கே தெரியாமல்
அதன்மேல் சாய்ந்துதான் ஓட்டுவோம்.
ஒரு லாரி வந்து மறைத்ததும்
சாய்ந்திருந்த சுவர் இருக்காது.
தள்ளுகிற காற்று விழத்தட்டாது,
நிற்கிற காற்றுதான்,
அதுவும் லாரியின் பக்கமாக.

காற்றில் சம்பளம் வாங்குகிறவர்கள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
அக்கவுண்ட்ஸ் ஜெபக்கனி மட்டும்
வெறும் ஹேண்டில்பாரைப் பிடித்து
ஒருதரம் சாய்ந்து நிமிர்ந்தாள்.

படிவங்களை அடுக்கும்போது பார்த்தேன்.
‘அவசரத்துக்கு அழைக்க’ என்ற இடத்தில்
சொரிமுத்து
ஒரு எண்ணை முழுசாக எழுதி
அடித்துவிட்டு
கீழே ஆபீஸ் நம்பரை எழுதியிருந்தார்.

கேட்கவில்லை.
பம்பை எடுத்துப் போய்
அவர் பின்சக்கரத்துக்கு
இன்னும் நாலு குத்து காற்று அடித்தேன்.