நாற்பதா, நாற்பத்தொன்றா

ஆரல்வாய்மொழியில் காற்றுதான் முதலில் வரும்,
பிறகு வண்டி.
ஆனி மாதம் கணவாய்க்குள் நுழைகிற காற்றில்
டீசல் வாடை கலந்திருந்தால்
ஹெப்சி பாய் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொள்வாள்.
"ஓடுலே, கூட்ஸு லூப்புல நிக்கப் போவுது."

ஓடியும் பயனில்லை.
சூளைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை
மதில் மாதிரி மறித்து நின்றுவிடும்.
அந்தப் பக்கம் அம்மை,
தலையில் சும்மாடும் செங்கல் தூளுமாய்.
இந்தப் பக்கம் நாங்கள், கஞ்சி, சாளைக்கறி.
நடுவில் துரு நிறத்தில் பெட்டிகள்,
எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்
ஏதேதோ ஊரின் அடையாளத்தோடு.
ஒன்றின் கதவிடுக்கில் கோதுமை கசியும்.
ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கோழிக்கு
அது எந்தப் பெட்டி என்று தெரியும்.

எண்ணுவதைத் தவிர வேலையில்லை.
அவள் எஞ்சின் பக்கமிருந்து வருவாள்
நான் வாலிலிருந்து போவேன்.
எனக்கு நாற்பத்தொன்று என்றால்
அவளுக்கு நாற்பது.
"கார்டு பெட்டிய விட்டுட்ட."
"அது பெட்டி இல்லலே. வீடு.
வீட்ட யாராவது எண்ணுவாளா?"

பார்த்தால் வீடு மாதிரிதான் இருந்தது.
கம்பி வைத்த வராந்தா, தண்ணீர்க் கூஜா,
கொடியில் காயும் துண்டு,
கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிற ஒரு ஆள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.
இரண்டு பெட்டிக்கு நடுவே கொக்கியில்
வாளியை மாட்டிவிட்டு
அடியில் குனிந்தேன்.
தூரத்தில், முன்னால், டங்கென்றது.

அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும்,
பெட்டி பெட்டியாகக் கைமாறி வரும் அது.
டங்,
டங்,
டங்,
நம் தலைக்கு மேல் வந்து சேர
ஒரு மூச்சு இழுக்கிற நேரம்.

அவள் என் டவுசரைப் பிடித்து இழுத்ததில்
பொத்தான் தெறித்தது.
வாளி போயிற்று.
ஆடிக்கொண்டு, மூடி திறக்காமல்,
எங்கள் கஞ்சி வள்ளியூர் பக்கம் போயிற்று.
"வாளி! வாளி!" என்று கத்தியபடி
ஜல்லியில் வெறுங்காலோடு ஓடினாள் ஹெப்சி.
கார்டு பேப்பரை மடக்கினார்.

அன்று பட்டினி அம்மைக்கு.
அடி ஹெப்சிக்கு. பதினொரு வயது,
மூத்தவள் என்பது மட்டும்தான் குற்றம்.
எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை,
அது இன்னும் உறுத்துகிறது.

நாலாம் நாள் எதிர்த்திசையில் ஒரு கூட்ஸ்,
நிற்காமல், பைய ஊர்ந்து வந்தது.
கடைசி வராந்தாவிலிருந்து அதே ஆள்
பச்சைக் கொடியை எங்கள் பக்கம் ஆட்டினார்,
திட்டுவதுபோல.
பிறகு எருக்கம் புதரில்
சணல் சுற்றிய தூக்குவாளி விழுந்தது.

அம்மை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.
"வெளக்கித் தந்திருக்கான்."
அதற்குமேல் பேச்சில்லை. மறுநாள்
அதே வாளியில் கஞ்சி.

போன மாதம் மேம்பாலத்தில் நின்று
மஸ்கட்டுக்கு போன் போட்டேன்.
சூளை இருந்த இடத்தில் காற்றாலை சுற்றியது.
கீழே கரன்ட் கம்பிக்கு அடியில்
காலி வேகன்கள் போய்க்கொண்டிருந்தன.
நைட் டூட்டி முடிந்த குரலில் கேட்டாள்,
"எண்ணினியா?"
"நாற்பது."
"கார்டு பெட்டியச் சேத்தா?"
"அது இல்ல.
கடைசிப் பெட்டி முதுகுல ஒரு டப்பா,
செவப்பா மினுக்கிட்டுப் போவுது."
கொஞ்ச நேரம் அங்கே ஏசி சத்தம்.
"சவத்த விடு," என்றாள்,
"அப்ப நாற்பதுதான்."

முதல் தடவையாகக் கணக்கு ஒத்துப்போனது.
அதன்பின் பேச்சு எதுவும் அகப்படாமல்
அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.