தோட்டம் என்பதை நீதிமன்றம் எனப் படிக்கவும்

கொம்பும் காலும் வைத்த எழுத்துகள்
வேறு நாடுகளில் இருக்கலாம்.
எங்கள் போலிஷ் எழுத்துக்கு வால்.
அடியில், வலப்பக்கம்,
பொந்துக்குள் போகும் எலியிடம்
கடைசியாகத் தெரியுமே, அவ்வளவுதான்.
வால் இருந்தால் அந்தச் சொல் நீதிமன்றம்.
இல்லாவிட்டால் பழத்தோட்டம்.

ராதோம் நகரில், மூன்றாவது மாடியில்,
கடன் வசூல் கம்பெனியில் எனக்கு வேலை.
பேருந்து நிறுத்தத்தில் எங்கள் விளம்பரம் இருக்கும்:
'துல்லியமே எங்கள் முகவரி.'

ஒரு செவ்வாய்க்கிழமை
கீபோர்டின் மூலையில் என் தேநீர் கவிழ்ந்தது.
எலுமிச்சை, இரண்டு கரண்டி சர்க்கரை.
துடைத்தேன்; காய்ந்தது என்று நினைத்தேன்.
வால் போடுகிற விசை உள்ளே ஒட்டிக்கொண்டது.
மாதக் கடைசி வேறு.
முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் போய்விட்டன.

'இறுதி எச்சரிக்கை.
பதினான்கு நாட்களுக்குள் பணம் வராவிட்டால்
உங்களைப் பழத்தோட்டத்தில் சந்திப்போம்.'

கீழே வட்ட முத்திரை.
மேலாளர் குர்னிட்ஸ்கியின் பெயர்.
அந்தப் பெயரின் தலையிலிருந்த கோடும் போயிருந்தது.
அவர் முதலில் பார்த்தது அதைத்தான்.

பதில்கள் வந்தன.
ஒரு பெண் தொலைபேசியில் கேட்டார்:
'எனக்குத் தோட்டம் இல்லையே,
பால்கனியில் ஒரு தக்காளித் தொட்டி உண்டு, போதுமா?'
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
சிவப்பு மையில் பதினொரு பிழை சுழித்து
மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பினார்.
பணம் அனுப்பவில்லை.

க்ரூயெத்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தபால் அட்டை.
ஒனுஃப்ரி கலீனா, ஆப்பிள் விவசாயி,
பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ஸ்லாட்டி:
'தோட்டம் சரி. ஏழாவது வரிசையில் இருப்பேன்.
ரப்பர் பூட்ஸ் போட்டு வாருங்கள்.'

குர்னிட்ஸ்கி சிரிக்கவில்லை.
திருத்தச் சீட்டு அச்சடிக்கச் சொன்னார்:
'தோட்டம் என்பதை நீதிமன்றம் எனப் படிக்கவும்.
சிரமத்துக்கு வருந்துகிறோம்.'
எந்தச் சிரமத்துக்கு என்று
அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.
'எழுத்தில் பதில் போட்டவர்களிடம்
எழுத்திலேயே வாங்கி வா,' என்றார் என்னிடம்.

பேருந்தில் ஒரு மணி நேரம்.
பூட்ஸ் என்னிடம் இல்லை.
ஏழாவது வரிசையில், சொன்னபடி,
ஏணியின் நடுப்படியில் நின்றிருந்தார்.
பழம் ஒன்றைப் பறித்து நீட்டினார்.
தோலெல்லாம் ஆலங்கட்டி குத்திய தழும்பு.
'ருசி அதேதான். ஆனால்
புள்ளி விழுந்தால் விலை வேறு.
ஜூஸ் ஆலைக்காரன் கிலோவுக்கு
நாற்பது காசு என்கிறான்.'

கடித்தேன். ருசி அதேதான்.

சீட்டைக் கொடுத்தேன்.
இரண்டு முறை படித்தார்.
'முதல் கடிதமே நன்றாக இருந்தது,' என்றார்.
மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் வைத்துக் கையெழுத்திட்டார்.
கடன் அந்தப் பெட்டிகளுக்குத்தான்.
பெற்றுக்கொண்டேன் என்று எழுதியதில்
ஓர் எழுத்து குறைந்தது.
பேனா என் பக்கம் திரும்பி வந்தது.
நான் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை புதுக் கீபோர்டு மேஜையில் இருந்தது.
அந்த விசையை அழுத்திப் பார்த்தேன்;
வால், வால், வால், வரிசையாக.
பிறகு அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன்.
பெயர். தொகை. கடனாளியைச் சந்தித்த இடம்.
அங்கே வால் வேண்டியிருக்கவில்லை.

மதியம் படிவம் திரும்பி வந்தது,
குர்னிட்ஸ்கியின் சிவப்பு வட்டத்தோடு,
அந்த ஒரு சொல்லைச் சுற்றி.
ஓரத்தில் எழுதியிருந்தார்:
'மறுபடியுமா?'